தனுஷ்கோடியில் எடுத்த அந்திப் படம் ஏன் சொதப்பியது?

ராமேஸ்வரம் தீவுக்குப் போய், மாலை வெளிச்சத்தில் கடற்கரையைச் சுடச்சுடப் படமெடுத்து, லாட்ஜுக்குத் திரும்பித் திரையில் பார்த்ததும் முகம் தொங்கிப்போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பல வருடம் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். முதலில் கேமராவை மாற்றினேன். அப்புறம் லென்ஸை மாற்றினேன். படம் மட்டும் மாறவில்லை. கடைசியில், சின்ன வயதில் எனக்கு நீர்வண்ணம் சொல்லிக்கொடுத்த டிராயிங் மாஸ்டரிடம் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றையும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதுல வெளிச்சம் எங்க இருக்கணும்னு எப்பப்பா முடிவு பண்ணினே?"

நான் முடிவே பண்ணவில்லை. சூரியன் இறங்கியது, பட்டனை அழுத்தினேன், அவ்வளவுதான்.

கீழே உள்ள கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியில்தான் போய் முடியும். மீதி உப்பு, மணல், காற்று செய்கிற வேலை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் படத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

வானம் அருமை, கீழே எல்லாம் கரி

அடிக்கடி காதில் விழும் புகார். மன்னார் வளைகுடா பக்கம் சூரியன் இறங்குகிறது. கரையில் இரண்டு மூன்று வல்லம், பக்கத்தில் வலைக் குவியல். நேரில் எல்லாமே தெரிந்தது. படத்தில் வானம் மட்டும் இருக்கிறது, கீழே தார் ஊற்றிய மாதிரி.

நம் கண் வானத்தைப் பார்க்கும்போது வானத்துக்கும் படகைப் பார்க்கும்போது படகுக்குமாகத் தன்னை மாற்றி மாற்றிச் சரிசெய்துகொள்ளும். கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. வானத்துக்கு அளந்தால் தரை இருளும், தரைக்கு அளந்தால் வானம் வெளுக்கும். ஆகவே கேமராவைத் தொடும் முன் ஒன்றைத் தீர்மானியுங்கள்: படகு கறுப்பாக இருந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்றால் கையில் மிஞ்சுவது உருவம் மட்டும்தான். அந்தக் கறுப்பைக் கத்தரித்து வெள்ளைத் தாளில் ஒட்டினால் படகு என்று தெரியுமா? மாஸ்டரின் சோதனை இது. ஒரு மாலை தனுஷ்கோடிப் பக்கத்து மீனவர் குடியிருப்பான கம்பிப்பாட்டில் இரண்டு வல்லங்கள் முன்னும் பின்னுமாக நின்றன. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து, எருமை படுத்துக் கிடப்பதுபோல ஒரே மொத்தை. இடது பக்கம் மூன்றடி நகர்ந்தேன். நடுவில் ஒரு சாண் வானம் திறந்துகொண்டது. முழங்கால் உயரத்துக்குக் குனிந்ததும் முன் வல்லத்தின் அணியம் அடிவானத்துக்கு மேலே ஏறி, ஆரஞ்சு நிறத்தின் மீது கூர்மையாக நின்றது. நின்ற உயரத்திலேயே எடுத்திருந்தால் அந்த மூக்கு இருண்ட மணலோடு கரைந்திருக்கும். கேமராவில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை, மாறியது என் கால்தான்.

கறுப்பு வேண்டாம் என்றால் மூன்று வழி உண்டு. முதலாவது, பொறுத்திருப்பது. சூரியன் மறைந்து எட்டுப் பத்து நிமிடத்தில் வானத்துக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகக் குறைந்துவிடும். படகின் பலகையில் நிறம் திரும்ப வரும். இரண்டாவது, கிராஜுவேட்டட் என்டி ஃபில்டர், அதாவது மேல் பாதி மட்டும் இருண்டிருக்கும் கண்ணாடி. மலைப்பிரதேசத்தில் இது தொல்லை, மலை உச்சியும் சேர்ந்து இருண்டுபோகும். தனுஷ்கோடியின் அடிவானமோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருப்பதால் இங்கே அது சரியாக உட்காரும். மூன்றாவது, இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது) மூன்று படம் எடுத்துக் கணினியில் இணைப்பது. இதில் பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். மணலையும் கடலையும் வானத்தின் அளவுக்கே வெளிச்சமாக்கிவிடுகிறார்கள். வெளிச்சம் வருவதே வானத்திலிருந்துதான். நீர்வண்ணக்காரர்கள் தண்ணீரில் தெரியும் பிம்பத்தை வானத்தைவிட ஒரு படி மங்கலாகத்தான் தீட்டுவார்கள். உங்கள் படத்தில் பிம்பம் வானத்தைவிடப் பளிச்சென்று இருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஆனால் ஏதோ பொய் என்று தோன்றிவிடும்.

சூரியன் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை ஓட்டை

சூரியனும் அதைச் சுற்றியுள்ள வானமும் வெளுத்துப்போய், ஓரத்தில் அசிங்கமான மஞ்சள் வளையம் விழுந்திருக்கும். அந்திச் சிவப்பில் கேமரா பதியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் முதலில் நிரம்பி வழிவது சிவப்பு. மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் (இருட்டு இடது, வெளிச்சம் வலது என்று கேமரா போடும் வரைபடம்) ஒழுங்காகத்தான் தெரியும். அதனால் கவனிக்காமல் விட்டுவிடுவோம். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வலது சுவரில் முட்டுவது நிற்கும் வரைக்கும் எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, குறையுங்கள். செல்போனில் வானத்தின் பிரகாசமான பகுதியைத் தொட்டுப் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

சூரிய வட்டத்துக்குள் விவரம் தேடாதீர்கள். அது அடிவானத்தின் தூசிக்குள் போய், நேராகப் பார்த்தாலும் கூசாமல் செக்கச்செவேல் என்று ஆகும் நாட்களில் மட்டும்தான் வட்டமாகக் கிடைக்கும். மற்ற நாட்களில் மேகத்துக்குப் பின்னால் போகட்டும், அல்லது ஒரு பனையின் பின்னால் பாதி ஒளியட்டும்.

பார்த்த நிறம் படத்தில் இல்லை

நேரில் வெல்லப்பாகு நிறம். படத்தில் சாம்பல். காரணம், ஆட்டோ வொயிட் பேலன்ஸ். 'இந்த இடம் ரொம்ப மஞ்சளாக இருக்கிறதே' என்று கேமரா நினைத்துக்கொண்டு, நீங்கள் தேடிவந்த நிறத்தையே துடைத்து எடுத்துவிடும். வெயில் குறிக்கு மாற்றி, அதாவது 5,200 கெல்வின் வாக்கில் வைத்து, அங்கேயே விட்டுவிடுங்கள். கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் RAW கோப்பாக எடுப்பவர்கள் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எடுக்கும்போதே திரையில் பொய் தெரிந்தால் முடிவுகளும் பொய்யாகத்தான் இருக்கும்.

இதே குடும்பத்தில் இன்னொரு புகார்: மணல் நிழல் நீலமாக வருகிறது, இது கோளாறா? இல்லை, அது நிஜம். வெயில் படும் மணல் மீது சூரியனின் ஆரஞ்சு விழுகிறது; நிழலில் இருக்கும் மணலுக்கு வெளிச்சம் தருவது தலைக்கு மேலே இருக்கும் நீல வானம் மட்டும். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் நிழலைக் கறுப்பால் தீட்டாமல் நீலத்தாலும் ஊதாவாலும் தீட்டியதற்குக் காரணம் இதுதான். அந்த நீலத்தைத் திருத்தினால் ஆரஞ்சு செத்துப்போகும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் இரண்டுமே எடுப்பாகத் தெரிகின்றன.

சூரியன் இன்னும் மேலே இருக்கும்போது எடுத்த படங்களில் வெள்ளை மணல் அழுக்காகத் தெரிந்தால் அது வேறு விஷயம். வெளுப்பான பரப்பு ஃப்ரேமை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். மூன்றில் இரண்டு ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள்.

நல்ல வெளிச்சம் வந்தபோது பையைக் கட்டிக்கொண்டிருந்தேன்

இதில் உங்கள் தப்பு பாதிதான். மீதித் தப்பு நாம் பார்க்கும் வீடியோக்களுடையது. ஸ்காட்லாந்திலும் ஐஸ்லாந்திலும் எடுத்த பாடங்களில் அந்தி வெளிச்சம் மணிக்கணக்கில் நீளும். அங்கே சூரியன் சாய்வாகச் சறுக்கி இறங்கும். ராமேஸ்வரம் பூமத்திய ரேகைக்கு 9 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக விழும். அடிவானத்தைத் தொட்ட வட்டம் முழுசாக மறைய இரண்டு நிமிடத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. மறைந்த பிறகு பொருள்கள் தெளிவாகத் தெரியும் அரைவெளிச்சம் இருபது இருபத்தைந்து நிமிடம். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் ஜூன் மாதத்தில் இது இரண்டு மடங்குக்கும் மேல் கிடைக்கும்.

கையை நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவில் விரல்களை அடுக்கி, விரலுக்குக் கால் மணி என்று கணக்குப் போடும் வித்தை உண்டல்லவா? இங்கே அதை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். ஒரு விரலுக்கு எட்டு நிமிடம்கூடத் தேறாது.

நேரக் கணக்கு இதுதான். சூரியன் மறைவது நவம்பர் கடைசியில் 5.50-ஐ ஒட்டி, ஜூன் கடைசியில் 6.35-ஐ ஒட்டி. ஜூனில் வடமேற்கு நோக்கியும் டிசம்பரில் தென்மேற்கு நோக்கியும் தள்ளி இறங்கும். இரண்டு முனைக்கும் நடுவே ஏறக்குறைய 47 பாகை. நீட்டிய கையின் முஷ்டி 10 பாகை என்றால், கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி. போன வருடம் கோடை விடுமுறையில் எடுத்த இடத்தில் இந்தப் பொங்கலுக்குப் போய் நின்றால் சூரியன் அங்கே இருக்காது.

ஆகவே ஐந்து மணிக்கே இடத்தில் இருங்கள். இன்னொரு சிக்கல்: தனுஷ்கோடியில் இருட்டும் முன் வெளியேறச் சொல்லிவிடுவார்கள். எத்தனை மணிக்கு என்பதை உள்ளே போகும்போதே சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு அது சூரியன் மறைவதற்கு முன்னால் என்றால், தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் சாய்ந்த வெயிலை மட்டும் எடுத்துக்கொண்டு, மறைவுக்குப் பாம்பன் பக்கம் இருக்கும் குந்துகாலுக்கு வந்துவிடலாம். 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம். எதிரே குருசடைத் தீவு ஒரு பச்சைக் கோடாகக் கிடக்கும். காலி அடிவானத்தைவிட அந்த ஒற்றைக் கோடு படத்துக்கு எவ்வளவோ உதவும்.

சூரியன் போனதும் எல்லோரும் கைதட்டிவிட்டுக் கிளம்புவார்கள். அப்போது முதுகைத் திருப்பிக் கிழக்கே பாருங்கள். அடிவானத்தை ஒட்டி நீலச் சாம்பலாக ஒரு பட்டை எழும்பும், அது பூமியின் நிழல். அதற்கு மேலே ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. பாக் நீரிணைப் பக்கம் தண்ணீர் அசையாமல் இருந்தால் அந்த இரண்டு பட்டையும் தலைகீழாகக் கடலிலும் விழும். பத்து நிமிடம் இருக்கும். என்னைக் கேட்டால், இந்தத் தீவின் மிக நல்ல வெளிச்சம் இதுதான். மேற்கே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யாரும் அதைப் பார்ப்பதே இல்லை.

படம் காலியாக இருக்கிறது

மேலே வானம், நடுவில் ஒரு கோடு, கீழே மணல். கொடி மாதிரி மூன்று பட்டை. கேமரா எந்தத் தப்பும் செய்யவில்லை; இந்த ஊரின் அமைப்பே அப்படி.

1886-இல் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் மோனே, பிரான்சின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் பெல் ஈல் தீவில் போய் உட்கார்ந்துகொண்டு, கடலுக்குள் ஊசிபோல் நிற்கும் பாறைகளையே வெவ்வேறு வானிலையில் தனித்தனிக் கான்வாஸ்களில் தீட்டினார். அவருக்குப் பாறை இருந்தது. நமக்கு? ராமேஸ்வரம் மணல் தீவு. உயரம் என்று சொல்ல ராமர் பாதம் இருக்கும் கந்தமாதன பர்வத மேடு ஒன்றுதான். தனுஷ்கோடி நாக்கில் அதுவும் கிடையாது. அகல லென்ஸைப் போட்டால் இருக்கும் கொஞ்சநஞ்சமும் எறும்பாகிவிடும்.

இதற்கு மாஸ்டர் கொடுத்த கருவியின் விலை ஒரு ரூபாய்கூட ஆகாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஆறு சென்டிமீட்டருக்கு நான்கு என்று ஒரு சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். கேமராவைப் பையிலேயே விட்டுவிட்டு, ஒரு கண்ணை மூடி, அந்தச் சன்னல் வழியாகக் கரையைப் பாருங்கள். அட்டையைக் கிட்டே கொண்டுவந்தால் அகல லென்ஸ், தள்ளிப் பிடித்தால் தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸ். நின்று பார்க்க வைக்கும் ஒரு துண்டு கிடைத்ததும், திறந்திருக்கும் கண்ணையும் பாதி மூடுங்கள். இமைமயிர் வழியாகப் பார்க்கும்போது சிப்பி, காலடித்தடம், கயிறு எல்லாம் மறைந்து, இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்றே மூன்று திட்டுகள் மிஞ்சும். அவற்றைப் பென்சிலால் தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் கிறுக்குங்கள். வரையத் தெரிய வேண்டியதில்லை, திட்டு போதும். தீப்பெட்டியில் சப்பென்று இருப்பது பெரிய படத்திலும் சப்பென்றுதான் இருக்கும். நான் ஒரு மாலைக்கு ஏழெட்டுக் கட்டம் போடுவேன், அதில் இரண்டு தேறும். அந்த இரண்டு இடத்தில்தான் ட்ரைபாட் நிற்கும். மேலே சொன்ன இருபத்தைந்து நிமிடத்தில் புதிதாகத் தேட நேரம் கிடையாது.

கட்டம் போட ஆரம்பித்ததும் சில விஷயங்கள் தாமாகப் புரியும். கோட்டை நடுவில் வைத்தால் கொடிதான் வரும். மேகம் நன்றாக இருந்தால் வானத்துக்கு முக்கால் பங்கு கொடுத்து, கரையை வெறும் நூலாக விடுங்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால் கீழே குனியுங்கள். அலை பின்வாங்கிய ஈர மணலுக்கு முக்கால் பங்கு. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மணல் வரிக்கும் ஒரு பக்கம் தேன், மறுபக்கம் நீலம்.

அப்புறம், 100 அல்லது 200 மில்லிமீட்டர் லென்ஸ். தட்டை நிலத்தில் அகல லென்ஸைவிட இது பல மடங்கு உதவும். தூரத்துப் பனைகளையும் கரைவலை இழுக்கும் ஆட்களின் வரிசையையும் ஒன்றாக நெருக்கிக் கொண்டுவரும். கரைவலை இழுப்பவர்கள் பின்னால் சாய்ந்து, குதிகாலை மணலில் ஊன்றி, ஒரே கோணத்தில் நிற்பார்கள். அந்தச் சாய்வு அடிவானத்தின் படுகோட்டை வெட்டுகிறது. படத்துக்கு வேண்டிய ஊசிப்பாறை இதோ இருக்கிறது. ஆனால் கிட்டே போய்க் கேட்டுவிட்டு எடுங்கள். "அண்ணே, எடுத்துக்கலாமா?" என்று கேட்டதற்கு இதுவரை யாரும் என்னிடம் முடியாது என்று சொன்னதில்லை. கயிற்றைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னது உண்டு.

1964 டிசம்பர் புயலில் போன ஊரின் மிச்சமான தேவாலயச் சுவர்களும் இருக்கின்றன. பவளக்கல்லால் கட்டியவை என்பதால் சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லின் பொத்தலிலும் நிழல் தேங்கும். முழுக் கட்டடத்தையும் ஃப்ரேமுக்குள் அடைக்க முயலாமல், ஒரு முழம் சுவரை மட்டும் எடுத்துப் பாருங்கள். அங்கே பலர் செத்துப்போனார்கள் என்பதை மறந்துவிட்டுச் சுவர்மேல் ஏறி நின்று போஸ் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

எல்லாம் இருக்கிறது, எதைப் பார்ப்பதென்று தெரியவில்லை

முந்தையதற்கு நேர் எதிரான நோய். பாம்பன் தெற்குவாடி மாதிரி படகுகள் நெருக்கியடித்து நிற்கும் கரைகளில் வரும். படகு, வலை, ஐஸ் பெட்டி, நாய், கொடி, செல்போன் டவர், எல்லாமே கத்தி மாதிரி ஷார்ப். லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப் 11-இல் வைத்து முன்னிருந்து பின்வரை தெளிவாக எடுப்பதுதான் நிலக்காட்சி என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஓவியர்கள் விளிம்புகளை வேண்டுமென்றே தொலைப்பார்கள். ஒரு படகின் மேல் விளிம்பு மட்டும் கூர்மை, கீழே அது நிழலோடு கலந்துவிடும். பார்வை கூர்மையான இடத்தில் போய் நிற்கும். கேமராவில் இதற்கு வழி, வெளிச்சம் பட்ட ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, மற்றதெல்லாம் நிழலுக்குள் போகும் வரை காத்திருப்பதுதான். சூரியன் இறங்க இறங்க, கரை மேட்டின் நிழல் படகுகளின் மேல் ஏறும். கடைசியாக ஒரு கொம்பு மட்டும் எரியும். அப்போது எடுங்கள்.

தண்ணீர் பால் மாதிரி, அல்லது கண்ணாடித்தூள் மாதிரி

வெளிச்சத்தைக் குறைத்து நீண்ட நேரம் திறந்து வைக்க விடும் முழு என்டி ஃபில்டர் வாங்கிய முதல் மாதம் எல்லோருக்கும் வரும் காய்ச்சல் இது. முப்பது விநாடி திறந்து வைத்தால் கடல் பனிமூட்டமாகிவிடும். அது கடலா, மேகமா, சோப்பு நுரையா என்று தெரியாது. மறுபக்கம், ஐந்நூறில் ஒரு விநாடியில் எடுத்தால் ஒவ்வொரு துளியும் உறைந்து, அந்தியின் அமைதி போய்விடும்.

அலை பின்வாங்கும்போது மணலில் விடும் நுரைக்கோடு வேண்டும் என்றால், கால் விநாடியிலிருந்து ஒரு விநாடிக்குள் முயலுங்கள். அலை ஏறும்போது அழுத்தினால் வெள்ளைத் திட்டுதான் கிடைக்கும். திரும்பும்போது அழுத்தினால் கோடு கிடைக்கும். தூரிகையை இழுக்கும் திசை மாதிரி, நீர் போகும் திசை படத்தில் தெரிய வேண்டும்.

எந்தக் கடல் என்பதும் முக்கியம். ஊர்க்காரர்கள் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்பார்கள், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண் கடல் பேருக்கேற்றபடி சீறும், பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழ். பிம்பம் வேண்டுமா, நுரை வேண்டுமா என்று முடிவெடுத்துக்கொண்டு, காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள். சாலையின் இரண்டு பக்கமும் நடை தூரத்தில்தான் இரண்டு கடலும்.

ஓர் எச்சரிக்கை: அரிச்சல்முனையில் நீரோட்டம் வலுவானது. நல்ல கோணம் என்று முட்டளவு தண்ணீரில்கூட இறங்காதீர்கள்.

படம் முழுக்க லேசான புகை

லென்ஸைத் துடைத்தீர்களா? கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் பத்தே நிமிடத்தில் படிந்துவிடும். சூரியனை நோக்கித் திருப்பியதும் அது மொத்தப் படத்தையும் வெளுப்பாக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். முதலில் ஊதுகுமிழால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். முன்னால் மாட்டிய யுவி ஃபில்டர் காரணமாகச் சூரியனின் எதிர்மூலையில் பச்சைப் புள்ளி வரும். சூரியன் ஃப்ரேமுக்குள் இருக்கும்போது அதைக் கழற்றிவிட்டு, எடுத்து முடித்ததும் திரும்ப மாட்டுங்கள்.

புகை நடுவில் மட்டும் வட்டமாக இருந்தால் ஈரம். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்திருப்பீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் கடல்காற்றின் ஈரம் படிகிறது. துடைக்கத் துடைக்க வரும், வீண் வேலை. கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பையை மூடியபடி வெளி வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

கடல் சாய்ந்து கொட்டுகிறது

ஸ்கிரீனில் லெவல் கோட்டைப் போடுங்கள். வேறு சொல்ல எதுவும் இல்லை.

ட்ரைபாட் வைத்தும் ஆட்டம்

அலை தொடும் மணலில் கால் ஊன்றியிருந்தால், ஒவ்வொரு அலைக்கும் அடியில் இருக்கும் மணல் கரைந்து ட்ரைபாட் ஒரு நூல் இறங்கும். முதலிலேயே கையால் அழுத்தி, ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கிவிட வேண்டும். அலை போனதும் மூன்று விநாடி விட்டு அழுத்துங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். காற்று பலமாக இருந்தால் கொக்கியில் பையை மாட்டலாம், ஆனால் பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும். தொங்கினால் அதுவே ஊஞ்சலாகிக் கேமராவை ஆட்டும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று, 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்தை அந்தியில் எடுக்க ஆசைப்படுபவர்கள் கவனிக்க: பஸ் போகும்போதெல்லாம் பாலம் அதிரும். அங்கே ட்ரைபாடால் பயனில்லை. ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனை, கூட்டி, இருநூறில் ஒரு விநாடியில் கையிலேயே பிடித்து எடுங்கள். நடைபாதையை விட்டு இறங்காதீர்கள்.

பூநாரைகள் புள்ளியாகத் தெரிகின்றன

குளிர்காலத்தில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமில்லாத நீர்ப்பரப்பில் கூட்டமாக நிற்கும். புள்ளியாகவே இருக்கட்டும். கிட்டே போனால் பறந்துவிடும், அதன் இரையும் கெடும், உங்கள் படமும் கெடும். சாம்பல் நீரில் இளஞ்சிவப்பாக ஒரே ஒரு தூரிகைக் கோடு என்று நினைத்துக்கொண்டு, சுற்றிலும் நிறைய வெறும் நீரை விட்டு எடுத்துப் பாருங்கள். நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவைப்பது போல.

வீட்டில் வந்து பார்த்தால் பஞ்சுமிட்டாய்

எடுத்த அன்று இரவே சாச்சுரேஷன் பட்டையை வலது பக்கம் தள்ளியிருப்பீர்கள். மனதில் இருக்கும் நிறத்தைத் திரை எட்டவில்லை என்ற ஏக்கத்தில் தள்ளுவது. எல்லா நிறமும் கத்தினால் எதுவும் கேட்காது. அந்தி ஓவியங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். முக்கால் பரப்பு சாம்பல்தான். நீலச் சாம்பல், ஊதாச் சாம்பல், மண் சாம்பல். அதன் நடுவில் ஒரு விரல்கடை ஆரஞ்சு. சாம்பல் சூழ இருப்பதால்தான் அது எரிகிறது.

ஆகவே முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். உங்கள் தீப்பெட்டிக் கட்டத்தில் இருந்த மூன்று திட்டும் அதில் இருந்தால், நிறத்துக்குத் திரும்பி வந்து, வானத்தின் ஆரஞ்சை மட்டும் துளி கூட்டுங்கள், மற்றதைக் குறையுங்கள். திட்டுகள் இல்லையென்றால் எந்தப் பட்டையை இழுத்தாலும் வராது. இரண்டு நாள் கழித்து உட்கார்ந்தால் கை இன்னும் அடக்கமாக இருக்கும்.

லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் கரகரவென்கிறது

உடனே நிறுத்துங்கள், இன்னொரு முறை திருப்பிப் பார்க்காதீர்கள். உள்ளே மணல் போயிருக்கிறது. லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, ஊதுகுமிழால் வளையத்தின் இடுக்கைச் சுற்றி ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம். அப்படியும் சத்தம் இருந்தால் பையில் வைத்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சர்வீஸில் கொடுங்கள். அன்றைய மாலைக்குச் செல்போன் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகை அட்டையும் இருக்கிறது.